'யாரும் படிப்பதில்லை' என்பது பொய்

"விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. மனசைத் தொடு, அவசரப்படுத்து, வாங்கிவிடுவார்கள்." விளம்பரம் எழுதக் கற்றுக்கொடுக்கும் மேடைகளில் பல வருடங்களாக இதையே கேட்கிறேன். போன வாரமும் ஒருவர் முழங்கினார். பிள்ளைகள் பயபக்தியோடு குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொய்யாக அவசரப்படுத்துவது, இணைய வணிகத்துக்காக 2023 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிமுறையில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. அதைப் பாடமாக நடத்துகிறார்கள்.

மனசைத் தொடுவதா? கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, வரன் அமையாது என்று பெண்களின் மனசைத் தொட்டுத்தான் சிவப்பழகு கிரீம்களை விற்றார்கள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் தன் பெயரிலிருந்த 'ஃபேரை' எடுக்க வேண்டி வந்தது.

யாரும் படிப்பதில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. இவர்கள் பேச்சுக்குப் பேச்சு கும்பிடும் டேவிட் ஒகில்வி, 1958-ல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு விளம்பரம் எழுதுவதற்கு முன் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்தார். தலைப்பில் காருக்குள் இருக்கும் கடிகாரத்தின் சத்தம். கீழே எண் போட்டு வரிசையாகத் தகவல்கள். யாரும் படிக்காததற்கா அத்தனை எழுதினார்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் அத்தை நகைக்கடை நோட்டீஸ் படிப்பதைப் பார்த்தால் போதும். மகள் கல்யாணத்துக்கு 5 சவரன் ஆரம் வாங்க வேண்டும். பேப்பருக்குள் வைத்து வந்த நோட்டீஸை விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிக்கும் மணப்பெண் படத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. 'சேதாரம் 4% முதல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 'முதல்' மட்டும் எள்ளளவு. பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"முதல்னு போட்டிருக்கான் பாரு. எதுவரைக்கும்னு எங்கடா போட்டிருக்கான்?"

கடைக்குப் போன் போட்டார். ஆரத்துக்கு 18 சதவீதமாம். நோட்டீஸின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார்: 40 கிராமுக்கு 4 சதவீதம் என்றால் 1.6 கிராம், 18 என்றால் 7.2 கிராம். கிட்டத்தட்ட முக்கால் சவரன் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. அதை எழுதியவர், எழுத்தைச் சிறிதாக்கினால் கண்ணில் படாது என்று நம்பியிருக்கிறார்.

இன்னொரு கடையின் நோட்டீஸில் படமே இல்லை. வளையல், ஆரம், ஒட்டியாணம் என்று நகைவாரியாகச் சேதாரத்தை அச்சடித்திருந்தார்கள். ஆரத்துக்கு 14. அத்தை அதை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். ஆரம் அங்கேதான் வாங்கினோம்.