கடைக்காரருக்கு எதற்கு ஊர் வம்பு?



திங்கட்கிழமை காலையில் சாணார்பட்டியில் திண்டுக்கல் பஸ் ஏறிப் பாருங்கள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், குடிதண்ணீர் என்று மடித்த மனுவோடு நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். கலெக்டர் ஆபீசில் அன்று குறைதீர்க்கும் நாள்.

மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் கஜுல லட்சுமிநரசு செட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் துணி வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். கல்லாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1844-ல் 'கிரசென்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1852-ல் சென்னைவாசிகள் சங்கம்.

அந்தக் காலத்தில் நம் திண்டுக்கல் சீமை மதுரை கலெக்டரின் கீழ் இருந்தது. மாகாணமெங்கும் தீர்வை பாக்கி வைத்த குடியானவனுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிப்பார்கள், அது கிட்டி. கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, குனிந்தபடி வெயிலில் நிறுத்துவார்கள், அது அண்ணாந்தாள். வீட்டு மனிதர் இப்படி நிற்கும்போது, எந்தப் பெண்தான் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுக்க மாட்டாள்?

செட்டியாரின் சங்கம் இதை லண்டன் பார்லிமென்டுக்கே மனுவாக எழுதியது. 1853-ல் டான்பி சீமோர் என்ற எம்.பி. இங்கே வந்தபோது, செட்டியார் அவரை ஊர் ஊராக அழைத்துப்போய் ஜனங்களின் பாட்டை நேரில் காட்டினார். மறுவருடமே விசாரணைக் கமிஷன். 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள். 1,440 பேர் கடிதம் போட்டார்கள். சித்திரவதை நடந்தது உண்மை என்று 1855-ல் கமிஷனே ஒப்புக்கொண்டது.

1863-ல் அவரைச் சட்டசபையில் நியமன உறுப்பினர் ஆக்கினார்கள். பதவி பெரியதுதான், ஆனால் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அந்தச் சபைக்கே கிடையாது! 1868-ல் காலமானார். சேர்த்த பணத்தில் பெரும்பங்கு பொதுக் காரியத்திலேயே கரைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து செய்ததைவிட வெளியே நின்று அவர் செய்ததுதான் அதிகம் என்பது என் கட்சி.

நம் ஊர் மளிகைக்கடை, மண்டி, உரக்கடை அண்ணாச்சிகளுக்குத் தெரியாத வீட்டுக் கஷ்டமா? யார் வீட்டில் கடன் ஏறுகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் கடைவாசலுக்குத்தானே முதலில் வருகிறது? ஆனால் கிராமசபை என்றால் மட்டும் "யாவாரத்தைப் பார்க்கணும்ப்பா" என்று நழுவிவிடுகிறார்கள்.

அண்ணாச்சி, வருகிற அக்டோபர் 2 கிராமசபைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைவாசலில் கேட்டதை அங்கே வந்து சொல்லுங்கள். தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வாருங்கள்.