லிங்க் அனுப்பினால் கடமை முடிந்துவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. காரமும் கொஞ்சம் இருக்கும். நம் மலை மிளகு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நீங்கள், தாங்கிக்கொள்வீர்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு பேச்சு ஓடியது. பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகள் பலர் பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுக்கப் பயப்படுகிறார்கள், மாலை நேரத்தில் இயற்பியலும் வேதியியலும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு தம்பி பதில் போட்டான்: "சார், இப்ப எல்லாமே ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு. பையன் கையில போன் இருந்தா போதும். ஆள் எதுக்கு?" அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். அடுத்த நான்கு நாளில் குழுவில் 37 லிங்க் வந்து விழுந்தன.

அந்த 37ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? கணக்கு இதுதான். 11 ஏதோ ஒரு செயலியை விற்கும் விளம்பரம். 9 ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஜே.இ.இ. தேர்வுக்காக மின்னல் வேகத்தில் ஓடும் வகுப்பு. 8 "பத்தே நிமிடத்தில் முழுப் பாடம்" ரகம். 4 திறக்கவே இல்லை. மிச்சம் 5 நல்லவை. அனுப்பியவர்களில் ஒருவராவது அதை முழுதாகப் பார்த்துவிட்டு அனுப்பினீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கண்டதும் கற்கப் பண்டிதன் ஆவான் என்பார்கள். புத்தகமே கிடைக்காத காலத்தில் அது சரி. இன்றைக்குக் கண்டதையெல்லாம் பார்த்தால் கண்தான் கெடும். இணையத்தில் சரக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. சரக்கு மலைபோல் கிடக்கிறது. எது நல்லது, எது இந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டும் என்று பொறுக்கி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்கிறேன். அந்த வேலையைத்தான் நீங்கள் தட்டிக் கழிக்கிறீர்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நீட் தேர்வில் 180 கேள்விகள். அதில் இயற்பியல் 45, வேதியியல் 45. சரிபாதி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பயந்துபோய் அறிவியல் பிரிவே எடுக்காத பிள்ளைக்கு மருத்துவக் கதவும் பொறியியல் கதவும் சுவர்தான். 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் பிள்ளை கீழே இறங்கிப் படிப்பதா, இல்லை பனியன் கம்பெனிக்குப் போவதா என்பது இந்த இரண்டு பாடத்தில் முடிவாகிறது.

"கையில் போன் இருந்தால் போதும்" என்கிறீர்கள். எந்தப் போன்? பல வீட்டில் போன் ஒன்றுதான். அதுவும் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி வரும்போது சார்ஜ் இருக்காது. செம்மேட்டில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே தள்ளிப் போனால் பாறை மேல் ஏறி நின்று கையை உயர்த்த வேண்டிய ஊர்கள் இன்னும் உண்டு. ஒரு நாள் டேட்டா ஒன்றரை மணி நேரக் காணொளியில் தீர்ந்துபோனால், மறுநாள் வரை பாடம் நிற்கும்.

விளம்பரத்தை நம்பியவர்கள் கதையும் ஒன்று சொல்கிறேன். பெயர் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காபி விற்ற காசில் முன்பணம் கட்டி, மீதியை மாதத் தவணையில் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டு மகளுக்கு ஒரு செயலி வாங்கியது. உள்ளே எல்லாம் ஆங்கிலம். பெண் தமிழ்வழி. இரண்டு மாதத்தில் அதைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். தவணை மட்டும் நிற்கவில்லை. அவள் அப்பா என்னிடம் கேட்டார்: "பாப்பாவுக்குத்தான் அறிவு போதாதுங்களா சார்?" எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். விற்றவன் தப்பிவிட்டான், குற்றவாளி ஆனது பிள்ளை.

சரி, காணொளி பார்த்தால் என்ன குறை? இயற்பியலும் வேதியியலும் கேட்டுப் புரிகிற பாடமல்ல. கேள்வி கேட்டு, கையால் செய்து, தப்பாகப் போய், மறுபடி செய்து வருகிற பாடம். ஒரு உதாரணம். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று எல்லாக் காணொளியும் சொல்லும். நம் மலையில் அப்படிக் கொதிக்காது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேந்தமங்கலத்தில் வேகிற பருப்பு மேலே திறந்த பாத்திரத்தில் தாமதமாக வேகிறதே, அதற்குக் காரணம் இதுதான். குக்கர் மூடி போட்டால் சீக்கிரம் வேகிறதே, அதற்கும் இதுவேதான் காரணம். பள்ளியில் இருக்கும் ஒரு வெப்பமானியும் அடுப்பும் போதும். ஆனால் "நம்ம வீட்டுல எத்தனை டிகிரின்னு பார்த்தியா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். திரைக்கு அந்தக் கேள்வி வராது. அதற்கு நம் வீட்டு அடுப்பு தெரியாது.

ஆகாய கங்கை சுமார் 300 அடி. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஒரு துளி கீழே வர 4.3 நொடி, அடியில் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். நிஜத்தில் அவ்வளவு வேகம் வராது, ஏன்? இந்த "ஏன்" தான் பாடம். சூத்திரத்தை மட்டும் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்யச் சொல்லும் காணொளி அந்த இடத்தில் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல் உங்கள் யார் கண்ணிலும் படவில்லை. தமிழில் தேடினால் இலங்கைப் பாடங்களும் வரும். நல்ல பாடங்கள், குறை சொல்ல மாட்டேன். அந்நாட்டுக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. ஆனால் சொற்களைப் பாருங்கள். நம் புத்தகத்தில் பொருளின் நிறை வேறு, எடை வேறு. அவர்கள் நம் நிறையைத் திணிவு என்பார்கள், நம் எடையை நிறை என்பார்கள். நாம் வேகம் என்பதை அவர்கள் கதி என்பார்கள். நாம் திசைவேகம் என்பதை அவர்கள் வேகம் என்பார்கள். முடுக்கம் அங்கே ஆர்முடுகல். இது தெரியாமல் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து பார்த்தால், பாடம் சரியாக இருந்தும் விடை தப்பாகப் போகும். ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல்பட்டியல் எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

திட்டிவிட்டுப் போவது வாத்தியார் வேலையல்ல. பொறுக்கி எடுத்ததையும் சொல்கிறேன். எல்லாம் இலவசம்.

முதலில் நம் அரசுப் பாடநூல். 2018 முதல் வந்த புதிய புத்தகங்கள் முழுதும் இணையத்தில் கிடைக்கின்றன. உள்ளே விரைவுக் குறியீடு இருக்கிறது, பல பாடங்களின் முடிவில் இணையச் செயல்பாடு என்று ஒரு பகுதி இருக்கிறது. கையில் இருக்கும் புத்தகத்தையே புரட்டாமல் லிங்க் தேடுவது வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது.

இரண்டாவது, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்முறைகள். 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. நம் சத்யேந்திரநாத் போஸ் பெயரைத் தாங்கிய ஒரு பருப்பொருள் நிலையை ஆய்வகத்தில் உண்டாக்கியதற்குத்தான் அவருக்கு நோபல். மின்சுற்று கட்டலாம், அணுவை அடுக்கலாம், வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்து பழகலாம். பல தமிழிலும் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலே ஓடும். நம் மலைக்கு இதுதான் முக்கியம்.

மூன்றாவது, அரவிந்த் குப்தாவின் குப்பையிலிருந்து பொம்மைகள். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்தவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒரு பேட்டரி, கொஞ்சம் தாமிரக் கம்பி, ஒரு காந்தம், இரண்டு ஊக்கு வைத்து மின்மோட்டார் சுற்றவைப்பார். ஓரிரு நிமிடப் படங்கள், தமிழிலும் இருக்கின்றன. பார்த்துவிட்டுப் போனை மூடிவிட்டுச் செய்ய வேண்டும். அதுதான் அதன் அழகு.

நான்காவது, அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து செய்த ஓ-லேப்ஸ். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான ஆய்வகச் சோதனைகள். ஆய்வகம் வசதியில்லாத பள்ளிக்கு உதவும். ஆனால் நிஜக் குடுவைக்கு அது ஈடாகாது.

கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கும், சொல்லித்தரப் போகும் உங்களுக்கும் இன்னும் மூன்று. ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹைப்பர் பிசிக்ஸ். கால்டெக் நிறுவனம் இலவசமாகப் படிக்க வைத்திருக்கும் ஃபைன்மன் விரிவுரைகள்.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் எடைபோட ஒரு சின்னச் சோதனை. கிலோகிராம் என்றால் என்ன என்று அதில் பாருங்கள். பாரிஸ் அருகே வைத்திருக்கும் உலோக உருளைதான் கிலோகிராம் என்று இன்றும் சொன்னால், அதை யாரும் திருத்தவில்லை என்று அர்த்தம். 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியை வைத்துத்தான் கிலோகிராமை வரையறுக்கிறார்கள். பிறகு, யார் தயாரித்தது என்று பெயர் போட்டிருக்கிறதா, கடைசியில் ஏதாவது விற்கிறார்களா, பார்த்து முடித்ததும் பிள்ளை தானாக ஒரு கணக்காவது போட முடிகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் அனுப்பாதீர்கள்.

எனக்கு வரப்போகும் பதில்களும் தெரியும்.

"நீங்க ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ, எட்டாம் வகுப்பு வரைக்கும் எடுத்தவர். பிளஸ் டூ பிசிக்ஸ் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?" நியூட்டனின் விதியை உங்களுக்கு முதலில் சொன்னது யார் கண்ணு? பிளஸ் டூவில் தடுக்கி விழும் பிள்ளை பெரும்பாலும் எட்டாம் வகுப்புப் பின்னத்திலும் அலகு மாற்றத்திலும்தான் விழுகிறது. அந்த இடம் எனக்குத் தெரியும்.

"இன்டர்நெட்டால ஏழைப் பிள்ளை எத்தனை பேர் முன்னுக்கு வந்திருக்காங்க?" வந்திருக்கிறார்கள், சந்தோஷம். விசாரித்துப் பாருங்கள். பலருக்குப் பின்னால் ஒரு அக்காவோ அண்ணனோ ஒரு டீச்சரோ, "இதைப் பார், இதை விடு" என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு ஆள் இல்லாத பிள்ளைக்கு இணையம் சந்தைக் கூட்டத்தில் கைவிட்ட குழந்தை கதைதான்.

"அரசாங்கம் ஸ்மார்ட் வகுப்பறை கொடுக்குதே?" கொடுக்கட்டும், நல்லது. ஆனால் மலைப் பள்ளியில் பாட ஆசிரியர் இடம் காலியாக இருக்கும்போது திரையைக் காட்டிச் சமாளிக்கக் கூடாது. திரை ஆசிரியருக்குத் துணை, ஆசிரியருக்குப் பதில் அல்ல. "எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, ஆசிரியரை நியமிக்காமல் இருப்பதற்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, முழுதாகப் பார்க்காத லிங்கைக் குழுவில் போடாதீர்கள். போட்டால் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இரண்டு, ஆடி 18க்கு வல்வில் ஓரி விழாவுக்கு எப்படியும் ஊருக்கு வருவீர்கள். வரும்போது ஆளுக்கு ஒரு பென் டிரைவ். அதில் பத்துப் பாடம் போதும், நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. முடிந்தவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியையும் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் உட்கார நம் வீட்டுத் திண்ணை இருக்கிறது.

மூன்று, இயற்பியலோ வேதியியலோ படித்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனில் பேசுங்கள். வீடியோ வேண்டாம், சாதாரண அழைப்பே போதும். பிள்ளை கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன் கண்ணு" என்று சொல்லுங்கள். பெரியவர்களும் தேடித்தான் படிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிவதே ஒரு பாடம்.

பெங்களூர்த் தம்பி, உன் மேல் கோபமில்லை. உனக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு மின்னோட்டவியல் புரியவில்லையாம். எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

மற்றவர்கள் உங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் கீழே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போடுபவர்களுக்கு நான் பதில் போட மாட்டேன்.