தாத்தா காரின் ரன்னிங் போர்டை மாற்றினால் 'வின்டேஜ்' அந்தஸ்து போய்விடுமா?

பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் காரின் கதவுக்குக் கீழே நீளமாக ஒரு படி தெரியுமே, அதுதான் ரன்னிங் போர்டு. நம்ம பக்கம் ஃபுட்போர்டு என்பார்கள். 1930-களின் கடைசியில் கார்களின் பாடி அகலமாக அகலமாக, இது மெல்ல மறைய ஆரம்பித்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோ 2003-ல் மெக்ஸிகோவில் உற்பத்தி நிற்கும்வரை இதை விடவே இல்லை.

பழைய காரைத் தூசு தட்டி எடுப்பவர்களுக்கு முதல் தலைவலி இந்தப் பலகைதான். மேலே ஒட்டிய ரப்பர் ஷீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே தண்ணீர் தங்கிவிடும். வெளியே பளபளவென இருக்கும். ரப்பரை உரித்தால் உள்ளே சல்லடையாகத் துரு!

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான டூவீலர், கார்களுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிந்தால் நம்பரில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி, பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமான நிபந்தனை இதுதான்: சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெரும்பாலான பழைய கார்களில் ரன்னிங் போர்டு, சேஸிஸிலிருந்து வரும் பிராக்கெட்டில் போல்ட் போட்டு மாட்டிய தனிப் பாகம். அதைக் கழற்றிப் பழுதுபார்ப்பதை சேஸிஸ் மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால், துருவோடு துருவாக பிராக்கெட்டையும் அறுத்து, சேஸிஸில் புதிதாக வெல்டிங் வைத்தால் சிக்கல்தான்.

பட்டறைக்குப் போகும் முன்...

கழற்றும் முன்பே அளவெடுத்து, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகரம் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். அடிப்பக்கம் பிரைமர் அடிக்காமல் ரப்பர் ஒட்டினால் நாலு மழையில் பழைய கதைதான். கழற்றிய துண்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சர்வதேசப் பழங்கால வாகனக் கூட்டமைப்பின் டுரின் சாசனமும், புதுப்பிப்பதைவிட இருப்பதைக் காப்பதே மேல் என்கிறது.

ஓட்டலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வின்டேஜ் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஜாலியாக மலையேற அனுமதி கிடையாது.

ஆக, காரை வீட்டின் பொக்கிஷமாக வைக்கப்போகிறீர்களா, ஓட்டப்போகிறீர்களா? ஓட்டுவதுதான் ஆசை என்றால், பழைய ஆர்.சி-யைச் சாதாரண முறையில் புதுப்பிக்க முடியுமா என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். 20,000 ரூபாயைக் கட்டிவிட்டு, காரை ஷெட்டில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது நல்லது.