வெளிச்சம் மிகுந்தால் மட்டும் போதுமா?

மின்சாரத்தால் ஓடும் துவிச்சக்கர வண்டிகள் எமது தெருக்களுக்கு இன்று புதியன அல்ல. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, இத்தகைய வண்டிகளின் அருமையை நாம் யாவரும் உணர்ந்தோம். மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவரும், கடை பூட்டி வரும் குடும்பத் தலைவரும் இருட்டியபின் இவற்றிலேயே வீடு திரும்புகின்றனர். ஆனால் பல வண்டிகளுடன் வரும் விளக்கு, பிறர் எம்மைக் காண உதவுமேயன்றி, நாம் வழியைக் காணப் போதாது. ஆகவே பிரகாசமான விளக்கொன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்பதே கேள்வி.

முதலில் வேகத்தைக் கணக்கிடுவோம். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஒரு செக்கனில் ஏறத்தாழ 7 மீற்றர் கடக்கிறார். வீதியிலுள்ள குழியைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒன்றரைச் செக்கன் சென்றால், அதற்குள் 10 மீற்றர் போய்விடும். வண்டி நிற்க மேலும் 6 மீற்றரளவு வேண்டும். எனவே விளக்கு குறைந்தது 16 மீற்றர் தூரத்தையேனும் தெளிவாகக் காட்டவேண்டும். வேகம் 40 கிலோமீற்றரானால் இத்தூரம் 32 மீற்றராகிறது. தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகக் குறையும் என்பதை மாணவர் அறிவர். அதாவது, அதே தெளிவுக்கு நான்கு மடங்கு ஒளி வேண்டும்.

இனி, பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்ப்போம். லூமன் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் சிந்தும் ஒளியின் மொத்தம். லக்ஸ் என்பது ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் ஒளி. வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஏறத்தாழ 800 லூமன் தருகிறது. அதை வண்டியின் முன்னே கட்டினால் வழி தெரியுமா? ஒளியைத் திரட்டி வீதியில் வீழ்த்தும் கண்ணாடியும் தெறிப்பியும் அதற்கில்லையே! பழைய டைனமோ விளக்கு முன்பின் இரண்டுக்கும் சேர்த்து 3 வாற்றுகளே செலவிட்டது. அதே மின்சாரத்தில் இன்றைய எல்.ஈ.டி. பன்மடங்கு ஒளி தரும். ஆயினும் அது விழும் இடமே முக்கியம்.

வட்டமாக ஒளி வீசும் விளக்குகள் அதன் பெரும்பகுதியை மரக்கிளைகளுக்கும் எதிரே வருபவரின் கண்களுக்குமே அளிக்கின்றன. கூச்சமடைந்த கண்ணுக்குச் சில கணங்கள் எதுவும் தோன்றாது. எதிரே வருபவர் பிள்ளையை ஏற்றிவரும் ஒரு தந்தையாக இருக்கலாம். அந்தக் கணத்தில் அவர் வந்து மோதுவது எம்மீதாகவும் இருக்கலாம். இதனாலேயே, துவிச்சக்கர வண்டியின் விளக்குப் பிறர் கண்ணைக் கூசச் செய்யலாகாது என்பது ஜேர்மனியில் சட்டம். அவ்விதிக்கமைந்த விளக்குகளில் ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு வெட்டிவிட்டாற்போல் நேராக இருக்கும். நாமும் அத்தகையதையே தேடவேண்டும்.

அடுத்தது மின்னிணைப்பு. 36 வோல்ற்றுப் பற்றரியில் 10 கலங்கள் தொடராக இணைந்துள்ளன. முழுதாக ஏற்றினால் அது 42 வோல்ற்று வரை செல்லும். 48 வோல்ற்றுப் பற்றரி 54.6 வரை செல்லும். 12 வோல்ற்று விளக்கை இதில் நேரே பூட்டினால் அது கருகிவிடும். அந்த அளவைத் தாங்கும் விளக்கையோ, வோல்ற்றைக் குறைக்கும் சிறு கருவியையோ வாங்கவேண்டும். பற்றரியின் நடுவிலிருந்து கம்பி எடுப்பது பெருந்தவறு. சில கலங்கள் மட்டும் தளர்ந்து தொகுதியே கெடும். பற்றரிக்கு அருகில் ஓர் உருகியும் அவசியம். விளக்குக்கெனத் தனி இணைப்புள்ள மோட்டர்களில், அது எத்தனை வோல்ற்று, எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைக் கைந்நூலிற் பார்த்தறிக.

வெளிச்சம் பற்றரியைத் தின்றுவிடும் என அஞ்சி விளக்கை அணைப்போரும் உளர். 36 வோல்ற்று, 10 அம்பியர்-மணிப் பற்றரி 360 வாற்று-மணி சக்தியுடையது. 10 வாற்று விளக்கு இரண்டு மணிநேரம் எரிந்தாலும் 20 வாற்று-மணியே செலவாகும். பதினெட்டில் ஒரு பங்குக்காக உயிரைப் பணயம் வைப்பதா?

விளக்கைப் பூட்டியபின் வண்டியைச் சுவருக்கு 5 மீற்றர் முன்னே நிறுத்திப் பாருங்கள். ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்துக்குக் கீழே விழவேண்டும். பின்புறச் சிவப்பு விளக்கையும் தெறிப்பியையும் மறக்கலாகாது. கண்ணாடியில் படியும் புழுதியை வாரமொருமுறை துடைப்பதும் நன்று.

நல்ல விளக்கு இருவருக்குக் கடமைப்பட்டது: ஏறியிருப்பவருக்கு வழியைக் காட்டவேண்டும், எதிரே வருபவருக்கு வழியை மறைக்காதிருக்கவேண்டும். இவ்விரண்டையும் செய்வதையே பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பாராக.