பெயரிழந்த கத்திகள்

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று வியப்பவர் பலர். வீடு திரும்பும் வழியில் அவரே வாங்குவது, ஆலையில் தகட்டை அச்சால் வெட்டியெடுத்த கத்தி! இவ்விரண்டகத்தால் கேடுறுபவன் இன்றும் உலையூதும் கொல்லனே.

ஆலைக் கத்தி துருவேறாது, விலையும் குறைவு. மறுப்பாரில்லை. 'எவர்சில்வர்' என்று வாய்நிறைய அழைக்கின்றனர். நிலைவெள்ளி என்றால் நாத் தேய்ந்துவிடும் போலும்! ஆயின் அம்மலிவுத் தகட்டின் கூர் விரைவில் மழுங்குகின்றது. மழுங்கியதும் குப்பைக்குப் போகின்றது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் சரக்குந்தின் தேய்ந்த வில்தகடே அரிவாளாகின்றது. கொல்லன் அதனைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டி, வாய்ப்புறத்தை நீரில் தோய்க்கின்றான். வாய் வன்மையுறும், முதுகு அடிதாங்கும் இளக்கத்தோடு நிற்கும். தோய்ச்சல் மிகுந்தால் வாய் உதிரும், குறைந்தால் மடங்கும். காய்ந்த இரும்பின் நிறம் பார்த்தே அவ்வளவை அறியும் கண்ணுக்கு எக்கல்லூரி பட்டம் கொடுத்தது?

அவ்வறிவு நேற்று முளைத்ததன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்புருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தென்னாட்டு எஃகை 1795-இல் பியர்சனும் 1819-இல் பாரடேயும் இலண்டனில் ஆராய்ந்தனர். அவர்கள் வழங்கிய 'ஊட்சு' என்னும் பெயர் 'உக்கு' என்னும் திரவிடச் சொல்லின் சிதைவென்பர். தமிழின் 'உருக்கு' அதன் உடன்பிறப்பு. அவ்வெஃகால் ஆன வாள்களின் புகழோ சிரியாவின் தமாசுகசு நகருக்குப் போயிற்று! இன்று அவ்வாளின் அலைவரியை ஆலைத்தகட்டின்மேல் வெறும் பொறிப்பாக இட்டுத் தமிழனுக்கே விற்கின்றனர்.

கதிரறுக்கக் கருக்கரிவாள், பாளை சீவப் பாளையரிவாள், விறகு பிளக்க வெட்டரிவாள், காயரிய அரிவாள்மனை, பாக்குக்குப் பாக்குவெட்டி. தொழிலுக்கொரு வடிவம், வடிவத்திற்கொரு பெயர். இடக்கையன் கேட்டால் அவன் கைக்கேற்ப வாய் திருப்பித் தருவான் கொல்லன். ஆலைக்கு இது கட்டுபடியாகாது. ஒரே வடிவத்தை ஆயிரமாயிரமாக அது உமிழ, அத்தனை பெயரையும் 'நைப்' என்னும் ஓரயற்சொல் விழுங்கிற்று. நகரத்துப் பிள்ளையிடம் கருக்கரிவாள் யாதென்று கேட்டுப் பாருங்கள்!

திரைப்படமோ அரிவாளைக் கொலைக்கருவியாகவே காட்டிப் பழக்கிற்று. 2021-இல், வாங்குவோர் பெயரையும் நோக்கத்தையும் பதிவேட்டில் எழுதுமாறு தமிழகக் காவல்துறை கொல்லர்க்குக் கட்டளையிட்டது. கொலைஞன் கைக்கு உலைக்களம் விடைசொல்ல வேண்டுமாம்!

கரி விலை ஏறிவிட்டது; சம்மட்டி பிடிக்க மகன் வருவதில்லை. இந்நிலையில் ஒரு வெட்டரிவாளுக்கு ஐம்பது உருபா குறைக்கச் சொல்லி உலைவாயிலில் நின்று வழக்காடுபவர் யார்? பேரங்காடியின் விலைச்சீட்டைக் கண்டு வாய்பொத்திப் பணம் நீட்டும் அதே தமிழர்தாம்.