மேகன் சட்டம் செய்ததும் செய்யாததும்



பாலியல் குற்றவாளிகளின் பெயர், முகவரி, புகைப்படத்தை ஊரறிய வெளியிட வேண்டும் என்பவர்கள் முதலில் காட்டுவது அமெரிக்காவின் மேகன் சட்டத்தை. 1994-இல் நியூஜெர்சியின் ஹாமில்டனில் மேகன் என்ற ஏழு வயதுச் சிறுமியைக் கொன்றவன் எதிர்வீட்டுக்காரன். ஏற்கெனவே தண்டனை பெற்றவன். பெற்றோருக்கு அது தெரியாது. அந்த ஆண்டே மாநிலத்தில் சட்டம் வந்தது. 1996-இல் நாடு முழுவதும்.

அந்தக் கோபம் நியாயமானது. பலன்தான் கேள்வி.

அமெரிக்க நீதித் துறையின் நிதியில் நியூஜெர்சியிலேயே நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, இச்சட்டத்தால் மறுகுற்றங்கள் குறைந்ததற்குச் சான்றில்லை என்றது. இதில் வியக்க என்ன இருக்கிறது? குழந்தைகளிடம் அத்துமீறுவோரில் பெரும்பாலோர் உறவினரும் தெரிந்தவர்களும்தாம். முதல்முறை பிடிபடுபவர் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார்.

மயாமியில் நடந்தது கூத்து. பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் பட்டியலில் உள்ளவர்கள் குடியிருக்கக் கூடாது என்றார்கள். குடியிருக்க இடம் கிடைப்பதே அரிதானது. பலர் ஜூலியா டட்டில் பாலத்தடியில் கூடாரம் போட்டு 2010 வரை கிடந்தார்கள். சிலரை அங்கே தங்கச் சொன்னதே அதிகாரிகள்தாம்! வீடில்லாதவரை எந்தக் காவலர் கண்காணிப்பார்?

1989-இல் மகனைப் பறிகொடுத்து, பாலியல் குற்றவாளிகளுக்கான 1994-இன் கூட்டாட்சிப் பதிவேட்டுச் சட்டத்துக்காகப் போராடிய பேட்டி வெட்டர்லிங் என்ற தாயே, பின்னாளில் இச்சட்டங்கள் எல்லை மீறியதாகச் சொன்னார்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கனடாவிலும் ஒரு ஹாமில்டன் உண்டு. அங்கே அதே 1994-இல், விடுதலையான பாலியல் குற்றவாளி ஒருவரைத் தன்னார்வலர்கள் சிலர் தொடர்ந்து சந்தித்து, துணையாகவும் கண்காணிப்பாகவும் இருந்தார்கள். மறுகுற்றம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டிய அந்த முறையை அமெரிக்காவின் மினசோட்டாவும் பின்னர் எடுத்துக்கொண்டது.

– ஒரு வாசகர்