ஒரு முறை அழுத்தினால் மூன்று ரவுண்டு... பழுதான துப்பாக்கி 'மெஷின் கன்' ஆகுமா? அமெரிக்க சட்டம் சொல்வது என்ன?

2006 ஜூலை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு துப்பாக்கிச் சுடும் பயிற்சி மைதானம். தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய ஏஆர்-15 ரைஃபிளோடு ஒருவர் அங்கே வருகிறார். ட்ரிக்கரை ஒரு முறைதான் அழுத்துகிறார். மூன்று நான்கு தோட்டாக்கள் அடுத்தடுத்து பாய்கின்றன. பிறகு துப்பாக்கி சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. சத்தம் கேட்டவர்கள் புகார் சொல்ல, போலீஸ் வருகிறது.

இதில் சிறைக்குப் போனது சுட்டவர் இல்லை. துப்பாக்கியை இரவல் கொடுத்தவர். தண்டனை 30 மாதம். பழுதான துப்பாக்கிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? வழக்கைப் புரிந்துகொள்ள, முதலில் துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

துப்பாக்கி ஏன் தானாகச் சுடுகிறது?

அமெரிக்காவில் பொதுமக்கள் பரவலாக வைத்திருப்பது செமி ஆட்டோமேட்டிக் வகை. ஒரு முறை அழுத்தினால் ஒரு தோட்டா. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். ஆனால் அதைச் சுட, விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும்.

ட்ரிக்கரை அழுத்தியதும் 'ஹேமர்' என்ற சிறு சுத்தியல் விடுபட்டு, பயரிங் பின் என்ற ஊசியை அடிக்கிறது. ஊசி தோட்டாவின் பின்பக்கம் உள்ள பிரைமரில் குத்த, தோட்டா வெடிக்கிறது. அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் போல்ட் பின்னால் போய், ஹேமரையும் பின்னுக்குத் தள்ளுகிறது. இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் விரல் அப்போதும் ட்ரிக்கரை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் ஹேமர் மறுபடி விழாமல் பிடித்து வைப்பது 'டிஸ்கனெக்டர்' என்ற ஒரு சின்ன கொக்கி.

இந்தக் கொக்கி தேய்ந்தாலோ, அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஹேமருக்குப் பிடி இருக்காது. போல்ட் மூடும்போது அதுவும் கூடவே வந்து அடித்தால், இரண்டாவது ரவுண்டும் கிளம்பிவிடும். துப்பாக்கி பழகியவர்கள் இதை 'டபுளிங்' என்பார்கள்.

இன்னொரு வகை 'ஸ்லாம் ஃபயர்'. இதில் ட்ரிக்கருக்கு வேலையே இல்லை. போல்ட் மூடுகிற வேகத்திலேயே ஊசி பிரைமரைக் குத்திவிடும். சோவியத் காலத்து எஸ்கேஎஸ் ரைஃபிள் இதற்குப் பேர் போனது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பழைய கெட்டி கிரீஸைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றால், ஊசி முன்பக்கமாகவே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு முறை அழுத்தினால் மேகசினில் இருக்கும் பத்து ரவுண்டும் காலியாகும் வரை நிற்காமல் போகலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முதல் தோட்டாவைத்தான் மனிதர் குறி பார்த்துச் சுடுகிறார். அது வெடித்த உதைப்பில் குழல் மேலே எழும்பும். எதிர்பாராத இரண்டாவது, மூன்றாவது தோட்டாக்கள் இலக்குக்கு மேலே, யாரும் குறி வைக்காத இடத்துக்குப் போகும். பயிற்சி மைதானத்தின் மண் மேட்டைத் தாண்டிவிட்டால், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது சுடுபவருக்குத் தெரியாது.

சரி, சட்டம் இதில் எங்கே வருகிறது?

1934-ல் வந்த தேசிய துப்பாக்கிச் சட்டம், மெஷின் கன்னுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. ட்ரிக்கரின் ஒரே இயக்கத்தில், கையால் மறுபடி தோட்டா ஏற்றாமல், ஒன்றுக்கு மேற்பட்ட ரவுண்டு தானாகச் சுட்டால் அது மெஷின் கன். பதிவு செய்யாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. 1986-க்குப் பிறகு புதிய மெஷின் கன்களைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது.

சிக்கல் இங்கேதான். கொக்கி தேய்ந்த துப்பாக்கியும் இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும் இல்லையா? அப்படியென்றால், தாத்தா விட்டுப்போன துப்பாக்கியைப் பரணில் வைத்திருப்பவரும் குற்றவாளியா?

1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டது. அது 'ஸ்டேப்பிள்ஸ் எதிர் அமெரிக்கா' வழக்கு. ஒருவர் வீட்டில் சிக்கிய ஏஆர்-15-ல், ராணுவத்தின் எம்-16 ரைஃபிள் பாகங்கள் சில இருந்தன. அதிகாரிகள் சோதித்தபோது ஒரே அழுத்தலில் பல ரவுண்டு சுட்டது. "என்னிடம் இருந்தவரை அது அப்படிச் சுட்டதே இல்லை" என்பது அவருடைய வாதம்.

ஏழு நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். துப்பாக்கி தானாகச் சுடும் தன்மை கொண்டது என்பது உரிமையாளருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வெறும் தேய்மானத்தால்கூட ஒரு துப்பாக்கி அப்படி மாறலாம், அது வெளியே பார்த்தால் தெரியாமலும் இருக்கலாம் என்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது.

அப்போ விஸ்கான்சின்காரர் ஏன் சிக்கினார்?

ஏனென்றால் அவருக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கியின் சுவிட்சில் மூன்று நிலைகள். மூன்றாவது நிலையில் எந்தக் குறியும் இல்லை. அதில் வைத்தால் மூன்று ரவுண்டு போகும், பிறகு சிக்கிக்கொள்ளும் என்று இரவல் கொடுக்கும்போது அவரே சொல்லியிருந்தார். உள்ளே எம்-16 பாகங்களும் இருந்தன.

சோதனையில் ஒரு திருப்பம் நடந்தது. ராணுவத் தோட்டாக்களை வைத்து முதலில் சோதித்தபோது அது தானாகச் சுடவில்லை. அவற்றின் பிரைமர் கெட்டியானது. பொதுமக்கள் வாங்கும் மெல்லிய பிரைமர் தோட்டாக்களைப் போட்டதும் தொடர்ந்து சுட்டது. இது மெஷின் கன் அல்ல, வெறும் பழுது என்று வாதாடிப் பார்த்தார்கள். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் தண்டனையை உறுதி செய்தது. துப்பாக்கி எதனால் நின்றது என்பது முக்கியமில்லை, ஒரே அழுத்தலில் பல ரவுண்டு போனதா என்பதுதான் கேள்வி என்றது.

பம்ப் ஸ்டாக் மட்டும் எப்படி தப்பித்தது?

2017-ல் லாஸ் வேகாஸ் இசை விழாவில் 60 பேரைக் கொன்றவர், 'பம்ப் ஸ்டாக்' என்ற கருவியை மாட்டி மெஷின் கன் வேகத்தில் சுட்டார். அரசு அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அந்தத் தடையை ரத்து செய்தது. காரணம், பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ட்ரிக்கர் தனித்தனியாக இயங்குகிறது. இந்தத் தீர்ப்பையும் எழுதியவர் தாமஸ்தான். எவ்வளவு வேகமாகச் சுடுகிறது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ட்ரிக்கர் எத்தனை முறை இயங்கியது என்பதைத்தான் கேட்கிறது.

அதனால்தான் மைதானத்தில் பரபரவென்று சுட்ட பம்ப் ஸ்டாக் மெஷின் கன் இல்லை. ஒரே அழுத்தலில் மூன்று ரவுண்டு சுட்டுவிட்டுச் சிக்கிய ரைஃபிள் மெஷின் கன்.

உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்?

டபுளிங் நடந்தால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, அன்றைக்குச் சுடுவதை நிறுத்த வேண்டும். துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டிச் சரிசெய்யும் வரை அடுத்தவர் கையில் கொடுக்கவே கூடாது.

முதல் முறை நடந்தால் அது விபத்து. 1994 தீர்ப்பு பாதுகாப்பு தருவது அந்த முதல் முறைக்குத்தான். நடந்ததைப் பார்த்த பிறகும் சரிசெய்யாமல் வைத்துக்கொண்டால், "எனக்குத் தெரியாது" என்று நீதிமன்றத்தில் சொல்ல வழியில்லை.